கண்மாய்க் கணக்கில் பறவைக்கும் ஒரு பக்கம்!

ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கத்து விவசாயிக்கு இரண்டே கவலைதான். மழை எப்போது இறங்கும்? கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேருமா? வடகிழக்குப் பருவமழைக்கு எல்லோரும் காத்திருக்கும் இதே நாட்களில், வடக்கே குளிர் தொடங்கிய ஊர்களிலிருந்து கிளம்பிய பறவைகளும் தெற்கே வந்து இறங்குகின்றன. அவையும் தேடுவது அதே கண்மாயை, அதே தண்ணீரைத்தான். ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்று பழந்தமிழர் தனிப் பெரும்பொழுதாகவே பிரித்து வைத்திருந்தார்கள். விதைப்பும் வலசையும் ஒன்றாக வரும் காலம் அது.

அப்படி ஓர் ஐப்பசி காலையில்தான், கே.கே. நகரில் மகள் வீட்டுக்கு வந்திருந்த விவசாயி ஒருவர், பறவை பார்க்கக் கிளம்பிய விருந்தாளியோடு துணைக்குப் போனார். அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். சாமநத்தம் பக்கம் இரண்டு ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல் இருக்கிறது. விருந்தாளி, மருமகனின் நண்பர். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்காக மதுரை வந்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கே கழுத்தில் பைனாகுலரும் சட்டைப்பையில் சின்ன நோட்டுமாக வாசலில் நின்றார்.

"பறவையப் பாத்து வெள்ளாமைக்கு என்ன தம்பி ஆகப்போகுது?" என்று நேரடியாகவே கேட்டார் விவசாயி. கிண்டலாகக் கேட்கவில்லை. அவருடைய கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்வாயில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனு கொடுத்து அலைந்த களைப்பில் வந்த கேள்வி அது.

"உடனே பதில் சொல்லத் தெரியலைங்க ஐயா. வாங்க, நடந்துட்டே பேசலாமுங்க" என்றார் விருந்தாளி.

பெயரில் மட்டும் மிஞ்சிய மடை

கே.கே. நகரிலிருந்து வண்டியூர் கண்மாய் கூப்பிடு தூரம். லேக் வியூ ரோடு என்று ஒரு சாலைக்கே பெயர் இருக்கிறது. பக்கத்து ஊரான மேலமடையின் பெயரிலேயே மடை இருக்கிறது. சற்றுத் தள்ளி உலகனேரி. 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிற்பது அந்த உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான். வண்டியூர் கண்மாயின் தண்ணீர் பாய்ந்த வயல்கள் பெரும்பாலும் இன்று வீடும் கடையுமாகிவிட்டன. கண்மாய் மட்டும் நிற்கிறது.

கரையேறும் முன்பே, ஒரு காலி மனையின் புதரிலிருந்து இரண்டு முறை சீட்டியடித்தது போல ஒரு குரல் வந்தது. விருந்தாளி நின்றுவிட்டார். "இது ஆறுமணிக்குருவிங்க" என்றார்.

"அட, இந்தச் சத்தமா? எங்க தோப்புல சாயங்காலமும் கேக்குமே" என்றார் விவசாயி. "கேட்டிருக்கேன், கண்ணுல பாத்ததே இல்ல."

விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கத்துவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறம் கொண்ட இந்தக் குட்டைவால் குருவி, கோடையில் வட, மத்திய இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிந்ததும் இரவில் பறந்து தெற்கே வருகிறது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் விழுவது உண்டு. அப்படி விழுந்தால் பூனை, நாய் நெருங்காமல், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாகச் சில மணி நேரம் வைத்திருந்து, தெம்பு வந்ததும் புதர் உள்ள இடத்தில் விட்டுவிட வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம்.

கண்மாய்க் கரையில் வெளிச்சம் வந்ததும் விருந்தாளி பைனாகுலரை அவரிடம் கொடுத்துவிட்டு, எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். நடுத் தண்ணீரில் கூழைக்கடாக்கள் மிதந்தன. நீர்க்காகங்கள் மூழ்கி எழுந்தன. கரையை ஒட்டி முழங்கால் தண்ணீரில் மஞ்சள் மூக்கு நாரைகள் அலகைத் திறந்து நீருக்குள் விட்டபடி நடந்தன. ஓரத்துச் சேற்றில் உள்ளான்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. ஆகாயத்தாமரை மண்டிய மூலையில் நீலத் தாழைக்கோழிகளும் இலைக்கோழிகளும் இருந்தன.

"இப்படிப் பிரிஞ்சு நிக்கிறதுதாங்க விஷயம்" என்று விளக்கினார் விருந்தாளி. கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் பிடிக்க ஆழம் வேண்டும். நாரைக்குக் கால் மூழ்கும் அளவு போதும். உள்ளானுக்குச் சேறு வேண்டும். நான்கு வகைப் பறவையும் ஒரே கண்மாயில் நின்றால், அங்கே ஆழமும் மேடும் சரிவும் இன்னும் இருக்கின்றன என்று அர்த்தம். ஆகாயத்தாமரை முழுக்க மூடிவிட்டால் முக்குளிப்பானும் வாத்துகளும் முதலில் காணாமல் போகும். இலை மேல் நடக்கிற இலைக்கோழியும் தாழைக்கோழியும் மிஞ்சும். சாக்கடை கலந்து மீன் செத்தால் மீன் தின்னிகள் குறையும். அளவுகோல் இல்லாமலேயே தண்ணீரின் நிலையைச் சொல்லும் அடையாளங்கள் இவை.

விவசாயிக்குச் சட்டென்று பிடிபட்டது. "எங்க கண்மாயில மண்ணு எடுத்தப்ப கெடங்கு மாதிரி நட்டுக்குத்தலா வெட்டிட்டாய்ங்க. அதுக்கப்புறம் கரையோரம் கொக்கு நிக்கிறதக் காணோம். ஆடு மாடு தண்ணி குடிக்க எறங்கவும் பயமா இருக்கு" என்றார்.

கண்மாயில் வண்டல் எடுக்கும்போது கரையிலிருந்து உள்வாய் நோக்கிச் சரிவாக எடுத்தால் தண்ணீரும் கூடுதலாக நிற்கும், மாடும் இறங்கும், பறவையும் நிற்கும். செங்குத்தாக வெட்டினால் மூன்றும் கெடும். கொக்கு நிற்க முடியாத கரையில் கன்றுக்குட்டியும் நிற்க முடியாது.

கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், கூழைக்கடாவைக் காட்டி, "இதெல்லாம் ஆஸ்திரேலியாவுல இருந்து வருதாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டிலேயே கூடு கட்டி, நம் நாட்டிலேயே தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து மாறிக்கொள்பவை. வெளிநாட்டிலிருந்து வருபவை வேறு. நீலச்சிறகு வாத்து, மஞ்சள் வாலாட்டி, தகைவிலான், பல வகை உள்ளான்கள், மத்திய ஆசியாவிலிருந்து கூட்டமாக வரும் சோளக்குருவி ஆகியவை அந்த வரிசையில் சேரும். இந்த வித்தியாசம் முக்கியம். உள்ளூர்ப் பறவைக்குப் போக வேறு தேசம் கிடையாது. இந்தக் கண்மாய் போனால் அடுத்த கண்மாய், அதுவும் போனால் ஒன்றுமில்லை.

வயலில் யார் ஆசிரியர்?

எட்டு மணிக்கு இருவரும் மோட்டார் சைக்கிளில் விரகனூர் வழியாகச் சாமநத்தம் பக்கம் போனார்கள். மதுரையின் தென்கிழக்கே இருக்கும் சாமநத்தம் கண்மாய், பறவை பார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த இடம். அங்கே போனதும் ஆசிரியர் இடம் மாறிவிட்டது. இதுவரை விருந்தாளி சொல்ல விவசாயி கேட்டார். வயலில் இறங்கியதும் விவசாயி சொல்ல, விருந்தாளி நோட்டில் எழுதினார்.

ஒரு வயலில் டிராக்டர் தொழி அடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் வெள்ளை வெள்ளையாக உண்ணிக்கொக்குகள். "ஏர் ஓட்டுன காலத்துல இது மாட்டுக்குப் பின்னாடி வரும். இப்ப மாடு போயி டிராக்டர் வந்துருச்சு. கொக்கு மட்டும் மாறல" என்று சிரித்தார் விவசாயி. மண் புரளும்போது வெளியே வரும் புழு, வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி எல்லாம் அவற்றின் காலை உணவு. வரப்போரம் குனிந்து நின்ற மண் நிறக் கொக்கை அவர் மடையான் என்றார். விருந்தாளியின் புத்தகத்தில் அதற்குக் குருட்டுக்கொக்கு என்று பெயர். புத்தகத்தில் நத்தைகுத்தி நாரை, இவர் வாயில் வெறும் நத்தைகுத்தி. அங்கே ஆள்காட்டி, இங்கே ஆக்காட்டி. விருந்தாளி இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். முனைவர் க. ரத்னம் ஊர் ஊராக வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டி 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்று நூலாக்கியது இந்த மாதிரி வாய்வழிச் செல்வம் அழியக் கூடாது என்பதற்காகத்தான் என்றார்.

நத்தைகுத்தியின் அலகை முதல்முறை பைனாகுலரில் பார்த்த விவசாயிக்கு ஆச்சரியம். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுக்க அமைந்த அலகு அது. வயலிலும் வாய்க்காலிலும் நத்தை பெருகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையாளுக்குக் கூலி கிடையாது.

மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, இரட்டை வால். "கரிச்சான் கத்துனாத்தான் எங்கப்பா எந்திரிப்பாரு. அலாரம் ஏது?" என்றார். விடிவதற்கு வெகு முன்பே குரல் கொடுக்கும் பறவை அது. கம்பியிலிருந்து விருட்டென்று இறங்கிப் பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். உயரத்தில் ஓர் இடம் கிடைத்தால்தான் அதனால் வேட்டையாட முடியும். கம்பி இல்லாத நடு வயலில் அந்த இடத்தை நாம் செய்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பறவைத் தாங்கி.

'ட' அல்லது 'டி' எழுத்து வடிவில் குச்சிகளைக் கட்டி, பயிரை விட ஓர் அடி உயரமாக இருக்கும்படி ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நட்டால் போதும். கரிச்சான், மைனா, பஞ்சுருட்டான், பனங்காடை எல்லாம் வந்து உட்காரும். நெல், உளுந்து, பருத்தி, காய்கறி எதற்கும் இது பொருந்தும். தானியப் பயிரில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் கொத்தும் குருவிகளுக்கு அதுவே வசதியாகிவிடும். இரவில் அதே தாங்கி எலி பிடிக்கும் கூகைக்கும் ஆந்தைக்கும் உதவும். ஒரு கூகை இரவுக்கு ஒன்றிரண்டு எலியாவது பிடிக்கும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பழைய கட்டடத்தின் கீழேயோ பனை மரத்தடியிலோ அப்படி உருண்டைகள் கிடந்தால், பக்கத்தில் கூகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதன் அலறலை அபசகுனம் என்று விரட்டினால் நஷ்டம் வயலுக்குத்தான்.

"குருணை மருந்து போட்ட வயல்ல மறுநா காலையில கொக்கு செத்துக் கிடந்ததப் பாத்திருக்கேன்" என்றார் விவசாயி. குருணையை விதையென்று நினைத்துக் கொத்தும் பறவையும் சாகும். மருந்தில் செத்த புழுவைத் தின்னும் பறவையும் சாகலாம். பூச்சி திரும்பி வரும் வேகத்துக்குப் பறவை திரும்பி வராது. அடுத்த முறை இன்னும் கூடுதலாக மருந்து வாங்க வேண்டியிருக்கும்.

மயிலுக்கு என்ன பதில்?

இவ்வளவையும் கேட்ட பிறகு விவசாயி கேட்டது கடினமான கேள்வி. "எல்லாஞ் சரி தம்பி. மயிலுக்கு என்ன சொல்றீங்க? கடலை விதைச்சா தோண்டித் திங்குது. நெல்லு வெளஞ்சா மிதிச்சுப் படுக்க வெச்சுருது. அதுவும் பறவைதானே?"

விருந்தாளி இதற்குச் சமாளிப்பாகப் பதில் சொல்லவில்லை. மயில் செய்யும் சேதம் உண்மை. தாழைக்கோழி இளம் நெல் தண்டைக் கடித்துப் போடுவதும், தினைக்குருவியும் தூக்கணாங்குருவியும் கதிரைக் கொத்துவதும் உண்மை. பறவை எல்லாமே விவசாயிக்கு நண்பன் என்று நகரத்திலிருந்து வந்து சொல்வது எளிது. சேதத்தின் கணக்கு விவசாயியின் வீட்டில்தான் எழுதப்படுகிறது.

ஆனால், ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. விஷம் வைத்தால் ஜெயில்தான். விஷ விதையைத் தின்று சாவதும் மயில் மட்டுமல்ல. கோழியும், புறாவும், எலி பிடிக்கும் கூகையும் சேர்ந்தே சாகும். மயில் முட்டையையும் குஞ்சையும் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்த குள்ளநரி பல ஊர்களில் அரிதாகிவிட்டது. கண்மாய்க்குள்ளும் தரிசிலும் பரவிய சீமைக்கருவேல் மயிலுக்கு மறைவிடமாகிறது. எனவே, வயலை ஒட்டிய கருவேலை எடுப்பது, விதைத்த முதல் பத்து பதினைந்து நாளும் கதிர் முற்றும் நாட்களும் மட்டும் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது, ஜிகினா நாடாவை முறுக்கிக் கட்டுவது, நாய் ஒன்றை வயலில் பழக்குவது போன்றவைதான் கைவசம் உள்ள வழிகள். ஒரே முறையைத் தொடர்ந்து வைத்தால் மயில் பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

"முழுசா தீராதுங்க" என்று ஒப்புக்கொண்டார் விருந்தாளி. "தீராதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே மத்தத நம்புறேன்" என்றார் விவசாயி.

கவுல் வாங்கிய விவசாயிகள்

கண்மாய்க் கரையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட்டபோதுதான் காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. விருந்தாளி ஆரம்பித்தது மதுரையில் அல்ல, வேடந்தாங்கலில்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை அந்த ஊர் மக்கள் இரு நூற்றாண்டுக்கு மேலாகக் காத்துவருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் எழுதி வாங்கினார்கள். பறவைக்காக விவசாயிகள் வாங்கிய பத்திரம் அது. பறவை பார்ப்பது யாருக்கும் பொழுதுபோக்காக இல்லாத காலம். அவர்கள் கேட்டது தங்கள் ஏரிக்காகவும் வெள்ளாமைக்காகவும்தான்.

அடுத்தது மதுரைக்குப் பக்கத்திலேயே நடந்தது. மேலூர் வட்டம் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகளும், சுனைகளும், கண்மாய்களும், தமிழி கல்வெட்டும், குடைவரைக் கோயிலும் கொண்ட விவசாயக் கிராமம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் எடுத்துச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று அங்கே உள்ள சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகள் அதில் தனியாகக் குறிப்பிடப்பட்டன.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள கிராமங்களையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. மேலூர்ப் பகுதி மக்கள் கொதித்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகளும் பெண்களும் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பரப்புக்குள் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இருப்பதும் அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது.

"பறவைக் கணக்கு மட்டுமே காப்பாத்துச்சுன்னு சொல்ல மாட்டனுங்க. ரோட்டுக்கு வந்த சனந்தான் காப்பாத்துச்சு" என்றார் விருந்தாளி. "ஆனா, அந்தச் சனம் பேசறதுக்கு முன்னாடியே கையில ஒரு காகிதம் இருந்துதுங்க. அந்தக் காகிதத்துல பறவை பேரு இருந்துது. மலையேறி வருசக்கணக்கா எழுதி வெச்சாங்க பாருங்க, அவங்க எழுதுன பேரு."

விவசாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க கண்மாய்க்கு அப்படி ஒண்ணு எழுதணும்னா பெரிய படிப்பு படிக்கணுமா?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் நீங்க காலையிலயே சொல்லிட்டீங்க. தேதியும் எண்ணிக்கையுந்தானுங்க பாக்கி."

எப்படி எழுதி வைப்பது?

இதற்குப் பைனாகுலர் கட்டாயமில்லை. வயலுக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், கரையில் ஒரே இடம் என்று வைத்துக்கொள்வது முக்கியம். இடமும் நேரமும் மாறினால் ஓர் ஆண்டை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது. நன்றாகத் தெரிந்த பத்துப் பறவைகளோடு தொடங்கலாம். நாற்பது இருந்தால் நாற்பது, எண்ண முடியாவிட்டால் 'நூற்றுக்கு மேல்'. தெரியாத பறவைக்கு நிறம், அளவு, அலகு, கால் எப்படி என்று எழுதி, முடிந்தால் ஒரு படம் எடுத்து வைக்கலாம். கூடவே மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும். மடைக்கல்லில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? வரத்துக்கால்வாயில் தண்ணீர் வருகிறதா, அடைப்பு உண்டா? கழிவு, குப்பை, மண் ஏதாவது புதிதாகக் கொட்டப்பட்டிருக்கிறதா? பறவைக்காகத் தொடங்கிய கணக்கு அப்போது கண்மாயின் வரலாறாகிவிடும். மனுவோடு இணைத்தால் அதற்குக் கனம் கூடும்.

இந்தக் கணக்கு நோட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அந்தக் குழு ஊரில் உள்ள உயிரினங்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல ஊர்களில் இது பெயரளவில் இருக்கலாம். கிராம சபையில் எழுந்து, "நம்ம ஊர்ப் பதிவேடு எங்கே? இந்தப் பட்டியலை அதில் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்கும் உரிமை ஊர்க்காரர் எவருக்கும் உண்டு. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடக்கும் கிராம சபை சரியாக இந்த ஐப்பசியில்தான் வருகிறது. அதைத் தவறவிட்டால் ஜனவரி 26.

செல்போன் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இ-பேர்டு என்ற இலவசச் செயலியில் பட்டியலை ஏற்றலாம். உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்களும் ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தும் பொதுக் கணக்கு அது. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினாலே அதில் பங்கெடுக்கலாம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டக் கண்மாய்க்குப் போகிறவர்களுக்கு இதற்காகத் தனியாகப் போக வேண்டிய வேலையும் இல்லை.

தீபாவளி நெருங்குவதால் இன்னொன்று. சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கிராமத்தில் தீபாவளிக்குப் புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, வெடிச்சத்தம் மட்டும் கிடையாது. எல்லா ஊரும் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்றில்லை. கண்மாய்க் கரையிலும் கூடு கட்டிய மரத்தடியிலும் வெடிக்காமல், ஊருக்குள் தள்ளி வெடித்தாலே போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் மோட்டார் ரூமில் ஒரு ஆணியில் தொங்கட்டும். முதல் வரியில் தேதி, கண்மாயின் பெயர், மடையில் தண்ணீரின் அளவு. அதற்குக் கீழே, ஊரில் என்ன பெயர் வழங்குகிறதோ அந்தப் பெயரிலேயே, பார்த்த பறவைகள். மூன்று ஐப்பசி தொடர்ந்து எழுதினால், எந்தப் பறவை எந்தத் தேதியை ஒட்டி வரும், எது வராமல் போனது, அது வராத ஆண்டில் தண்ணீர் எப்படி இருந்தது என்று ஊருக்குள் ஆதாரத்தோடு பேச ஓர் ஆள் இருப்பார்.